கேள்வி – பதில்: ஆய்வு முடிந்தது, யாரிடம் எப்படிச் சொல்வது?

சமூக ஊடகம், அல்காரிதம், செயலிவழி வேலை, இணையவழிச் சேவைகள் என்று டிஜிட்டல் சமூகத்தை ஆராய்கிறவர்கள் தங்கள் முடிவுகளைச் சட்டம் வகுப்பவர்களிடமும் பொதுமக்களிடமும் கொண்டுபோவது பற்றிக் கேட்டிருக்கும் கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

செயலி வழியாக வேலை பெறுபவர்களைப் பற்றிய எங்கள் அறிக்கை 180 பக்கம். துறை அதிகாரிகளுக்கு அனுப்பினோம். ‘கிடைத்தது, நன்றி’ என்பதற்கு மேல் பதில் இல்லை. சுருக்கி அனுப்பினால் படிப்பார்களா?

சுருக்கினால் மட்டும் படிக்க மாட்டார்கள். அறிமுகம், முன்னாய்வுகள், முறையியல், முடிவு என்ற வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு 180 பக்கத்தைப் பத்தாக்கினாலும் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். அதிகாரியின் மேசையில் ஒரு கோப்பு காத்திருக்கிறது. அதில் அவர் ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். உங்கள் தாளில் அந்தக் குறிப்புக்குள் எடுத்துப் போடத் தகுந்த பத்தி இருக்கிறதா என்றுதான் அவர் கண் தேடும்.

கனடாவின் சுகாதாரச் சேவை ஆய்வு அறக்கட்டளை ஒன்று பரப்பிய 1:3:25 என்ற அளவு இன்றும் உதவும். ஒரு பக்கத்தில் முக்கியச் செய்திகள், மூன்று பக்கத்தில் சுருக்கம், 25 பக்கத்தில் அறிக்கை. அமைச்சரோ செயலாளரோ முதல் பக்கத்தைப் பார்ப்பார். அவருக்கு ஆலோசனை சொல்பவர் மூன்று பக்கத்தைப் படிப்பார். அதை மறுக்க நினைப்பவர்தான் 25 பக்கத்தையும் படிப்பார். மூவருக்கும் எழுதுங்கள்.

முன்பின் தெரியாத அலுவலகத்துக்கு முதலில் இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு போதும். 700 முதல் 900 சொற்கள். தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட வேண்டும். ‘செயலிவழித் தொழிலாளர்களின் நிலை: ஓர் ஆய்வு’ என்பதில் செய்தி இல்லை. ‘கணக்கு முடக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் சொல்லப்படவில்லை’ என்பதில் இருக்கிறது (உங்கள் தரவு அப்படிச் சொன்னால்). அடுத்து மூன்று வாக்கியங்கள்: என்ன நடக்கிறது, எத்தனை பேருக்கு, யார் என்ன செய்யலாம். அதன் பிறகே ஆதாரம். முறையியலுக்கு நான்கு வரிகள் போதும்: எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எந்த மாதங்களில், யார் விடுபட்டார்கள். கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விடாதீர்கள். செயலியில் இருந்தவர்களை மட்டும் கேட்டிருந்தால், அதிலிருந்து வெளியேறிப்போனவர்களின் குரல் உங்கள் ஆய்வில் இல்லை. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த ஓட்டையைத்தான்.

பெரும்பாலான குறிப்புகள் தோற்பது பரிந்துரைப் பகுதியில். ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’, ‘பங்குதாரர்கள் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்’ போன்ற வரிகளை வைத்து எந்த அதிகாரியும் எதுவும் செய்ய முடியாது. பரிந்துரையில் நான்கு விஷயங்கள் வேண்டும்: எந்த அலுவலகம், எந்த அதிகாரத்தின் கீழ், எதை, எப்போதைக்குள். தோராயமாக என்ன செலவாகும் என்பதையும், ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒவ்வொரு வரியில் சேருங்கள். இரண்டு மூன்று வழிகளைக் கொடுத்து, உங்களுக்கு எது சரியென்று படுகிறது என்பதையும் சொல்லிவிடலாம். ‘மேலும் ஆய்வு தேவை’ என்று முடிக்காதீர்கள். நீங்கள் நிதி கேட்டு வந்திருப்பதாகவே அது படிக்கப்படும்.

இன்னொரு சின்ன விஷயம். பிடிஎஃப் கோப்போடு வேர்டு கோப்பையும் அனுப்புங்கள். ஸ்கேன் செய்த படமாக அனுப்பினால் அதிலிருந்து ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது. நகலெடுக்க முடியாத வரி கோப்பில் ஏறாது.

எப்போது அனுப்புவது? யாருக்கு?

ஆய்வு முடிந்த நாளுக்கும் முடிவெடுக்கும் நாளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வரைவு விதி வெளியாகிக் கருத்துக் கேட்கும் காலம், நாடாளுமன்றக் குழு ஒரு பொருளை எடுத்து விசாரிக்கும் காலம், நிதி ஒதுக்கீடு தயாராகும் மாதங்கள் ஆகியவைதான் வாசல். கருத்துக் கேட்பு என்றால் அவர்கள் கேட்ட எண் வரிசையிலேயே பதில் சொல்லுங்கள். எந்தப் பிரிவின் எந்த வாசகத்தை மாற்ற வேண்டும் என்று காட்டி, மாற்று வாசகத்தையும் எழுதிக் கொடுங்கள். பொதுவான கட்டுரையை இணைத்து அனுப்பினால் தொகுப்பவருக்கு அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்றே தெரியாது.

மேலிடத்துக்கு மட்டும் அனுப்பாமல், வரைவை எழுதும் இடைநிலை அதிகாரிக்கும் அனுப்புங்கள். அவர் மாற்றலாகிப் போவார். ஆகவே பெயருக்கு மட்டும் அல்லாமல் அந்தப் பதவியின் பொது மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போகட்டும். நேரில் பார்க்க 15 நிமிடம் கிடைத்தால் முதல் இரண்டு நிமிடத்தில் முடிவைச் சொல்லிவிட்டு மீதியைக் கேள்விகளுக்கு விடுங்கள். கேட்ட விவரத்தை மறுநாளே அனுப்புங்கள். ஒரு வாரம் தாமதித்தால் நீங்கள் யார் என்பதே மறந்திருக்கும்.

ஆய்விதழில் கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. அதற்கு முன் அரசிடம் கொடுத்தால் இதழ் நிராகரித்துவிடுமா?

இதழின் கொள்கைப் பக்கத்தில் ப்ரீபிரின்ட் (இதழில் வருமுன் இணையத்தில் இடும் முன்பதிப்பு) அனுமதி, வெளியீட்டுத் தடைக்காலம் என்ற இரண்டு தலைப்புகளையும் பாருங்கள். பல இதழ்கள் ப்ரீபிரின்டை ஏற்கின்றன. ஆனால் ஏற்பு கிடைத்த பிறகு, வெளியாகும் நாள்வரை ஊடகங்களிடம் பேசக்கூடாது என்று சில இதழ்கள் சொல்லும். ஐயம் இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு இரண்டு வரி எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

கொள்கைக் குறிப்பைத் தனி ஆவணமாக, உங்கள் சொற்களில் எழுதுங்கள். பதிப்புரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அதில் வரும் வரைபடத்தைக்கூட அனுமதியின்றி எடுத்துப் போட முடியாமல் போகலாம். குறிப்பை, ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான செர்ன் நடத்தும் ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால், ஆவணத்துக்கு நிலையான அடையாளமான டிஓஐ எண் கிடைக்கும். துறையின் இணையதளம் மாறினாலும் இணைப்பு அறுந்துபோகாது. சகமதிப்பீடு (துறையின் மற்ற ஆய்வாளர்கள் சரிபார்ப்பது) முடியாத ஆய்வு என்றால் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்க வேண்டாம்.

‘செல்போன் பார்ப்பதால் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வருமா, ஒரே வரியில் சொல்லுங்கள்’ என்கிறார் செய்தியாளர். என்ன சொல்வது?

ஒரே வரி கொடுங்கள். அந்த வரியை நீங்களே தயாரித்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அவர் தயாரிப்பார்.

இந்தக் கேள்விக்கே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி இருவரும் 2019-இல் மூன்று பெரிய கணக்கெடுப்புகளிலிருந்து 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தரவை அலசினார்கள். டிஜிட்டல் பயன்பாட்டுக்கும் மனநலனுக்கும் எதிர்மறைத் தொடர்பு இருந்தது. ஆனால் மனநலனில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் அது விளக்கியது. அவர்கள் எண்ணோடு நிறுத்தவில்லை. அதே தரவில், உருளைக்கிழங்கு தவறாமல் சாப்பிடுவதற்கும் ஏறக்குறைய அதே அளவு எதிர்மறைத் தொடர்பு இருப்பதையும், கண்ணாடி அணிவதற்கு அதைவிடக் கூடுதலாக இருப்பதையும் அருகில் வைத்துக் காட்டினார்கள். ‘0.4’ யார் மனத்திலும் நிற்காது, உருளைக்கிழங்கு நிற்கும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சராசரி சிறியது என்பதால் எந்தப் பிள்ளைக்கும் தீங்கே இல்லை என்று ஆகிவிடாது. கணக்கெடுப்பில் தெரிவது தொடர்பு மட்டும். எது எதற்குக் காரணம் என்று அது சொல்லாது. மனம் சோர்ந்த பிள்ளைதான் போனை அதிகம் எடுக்கிறதோ என்னவோ. இந்த இரண்டு எச்சரிக்கைகளையும் அடைத்த ஒரு வரி: ‘பெரும்பாலான பிள்ளைகளிடம் தொடர்பு மிகச் சிறியது, எது காரணம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது, சிலருக்குப் பாதிப்பு அதிகமாக இருக்கலாம்.’

பெரிய மாதிரிகளில் வேறொரு கண்ணி உண்டு. 2014-இல் வெளியான ஃபேஸ்புக் ‘உணர்ச்சித் தொற்று’ பரிசோதனை 6,89,003 பயனர்களின் செய்தி ஓடையை மாற்றிப் பார்த்தது. மக்கள் மனநிலையையே ஃபேஸ்புக் ஆட்டிப்படைத்ததுபோல் தலைப்புகள் வந்தன. அளந்த விளைவோ மிகச் சிறியது, 0.02 திட்டவிலக்கத்தைத் தாண்டவில்லை. அத்தனை லட்சம் பேர் இருந்தால் தூசியும் புள்ளியியல்படி ‘குறிப்பிடத்தக்கது’, அதாவது தற்செயல் என்று தள்ளிவிட முடியாதது, ஆகிவிடும். (பயனர்களிடம் ஒப்புதல் கேட்காதது பற்றிய கோபம் நியாயமானது, அது தனி விவகாரம்.) ஆகவே ‘குறிப்பிடத்தக்கது’ என்ற சொல்லைச் செய்தியாளரிடம் பயன்படுத்தாதீர்கள். அவருக்கு அதன் பொருள் ‘பெரியது’.

சதவீதத்திலும் கவனம். நூற்றில் 2 பேருக்கு நேர்ந்தது 3 பேருக்கு நேர்ந்தால் ‘50 சதவீத உயர்வு’ என்றும் சொல்லலாம், ‘நூற்றுக்கு ஒருவர் கூடுதல்’ என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் சொன்னால் பீதி, இரண்டாவதை மட்டும் சொன்னால் அலட்சியம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

பேட்டிக்கு முன்பே எது பெயரோடு, எது பின்னணிக்கு மட்டும் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். சொன்ன பிறகு ‘இதைப் போடாதீர்கள்’ என்றால் அவருக்கு அந்தக் கடமை இல்லை. கட்டுரை முழுவதையும் காட்டச் சொல்லாதீர்கள், உங்கள் மேற்கோள்களை மட்டும் வாசித்துக் காட்டக் கேட்கலாம்.

மிகைப்படுத்துவது ஊடகம்தானே? பல்கலைக்கழகச் செய்திக் குறிப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 மருத்துவ, உளவியல் செய்திக் குறிப்புகளை ஒரு குழு அலசி 2014-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டது. 33 சதவீதக் குறிப்புகள் தொடர்பைக் காரணமாக ஊதிக் காட்டியிருந்தன. குறிப்பு அப்படி ஊதியிருந்தால் செய்திகளில் 81 சதவீதமும் ஊதின. குறிப்பு அடக்கமாக இருந்தால் 18 சதவீதம்தான். அந்தக் குறிப்புகளில் பல ஆய்வாளரின் ஒப்புதலோடுதான் வெளியே போகின்றன. மக்கள் தொடர்பு அலுவலர் அனுப்பும் வரைவில் வினைச்சொற்களை மட்டும் தனியாகப் படியுங்கள்: ‘ஏற்படுத்துகிறது’, ‘அழிக்கிறது’, ‘குறைக்கிறது’. உங்கள் ஆய்வு அதைக் காட்டியதா? இல்லையென்றால் அடித்துவிட்டு ‘தொடர்புடையது’ என்று எழுதுங்கள். ‘இந்த ஆய்வு காட்டாதது’ என்று ஒரு பத்தியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பொதுவெளியில் போட்ட சமூக ஊடகப் பதிவுகளை அறிக்கையில் மேற்கோள் காட்டலாமா? பெயரை நீக்கிவிட்டேன்.

பெயர் நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்பது இந்தத் துறையின் மிகப் பழைய தவறு. 2006-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பயனர்களின் 2 கோடித் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு ஆய்வுக்காக வெளியிட்டது. சில நாட்களில் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்ணைச் செய்தியாளர்கள் வீடு தேடிப்போய்க் கண்டுபிடித்தார்கள். அவர் தேடிய சொற்களே காட்டிக்கொடுத்தன. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், 15 லட்சம் பேரின் கைப்பேசித் தரவில் இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று தெரிந்தது.

பதிவை வார்த்தை மாறாமல் போட்டால், அந்த வரியை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுபொறியில் இட்டவுடன் எழுதியவர் கிடைப்பார். அச்சுக்கு முன் நீங்களே இரண்டு தேடுபொறிகளிலும் அந்தத் தளத்தின் உள்தேடலிலும் ஒவ்வொரு மேற்கோளையும் இட்டுப் பாருங்கள். சிக்கினால் மூன்று வழிகள்: எழுதியவரிடம் அனுமதி கேட்பது, பொருள் மாறாமல் சொல் மாற்றி எழுதுவது, பல பதிவுகளின் சாரத்தை ஒரே பதிவாக இணைத்து அப்படி இணைத்ததை வாசகருக்கும் சொல்வது. மொழிபெயர்த்த பதிவும் தப்பாது. அதை இயந்திர மொழிபெயர்ப்பில் மூலமொழிக்குத் திருப்பித் தேடிப் பாருங்கள். அமைச்சர், நிறுவனத் தலைவர் போன்றோர் அந்தப் பொறுப்பில் நின்று சொன்னதை அப்படியே மேற்கோள் காட்டலாம்.

ஸ்கிரீன்ஷாட்டில் பெயரை மங்கலாக்குவது போதாது. சுயவிவரப் படம், நேரம், விருப்ப எண்ணிக்கை எல்லாம் தடயம். மங்கலாக்கிய எழுத்தைச் சில நேரம் மீட்டும் விடலாம், ஆகவே திடமான கருப்புப் பட்டை போடுங்கள். பிடிஎஃப் கோப்பில் மேலே கருப்புக் கட்டம் வரைந்தால் கீழே எழுத்து அப்படியே இருக்கும், இழுத்து நகலெடுத்தால் வந்துவிடும். படமாக மாற்றிப் பட்டை போட்ட பிறகே சேருங்கள்.

‘அதுதான் எல்லாருக்கும் தெரிகிறதே’ என்ற வாதம் நிற்காது. 2016-இல் ஓகேகியுபிட் என்ற துணை தேடும் தளத்திலிருந்து ஏறக்குறைய 70,000 பேரின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டவர்களும் இதையே சொன்னார்கள். கடும் கண்டனம் வந்தது, தரவும் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது. இணைய ஆய்வாளர் சங்கம் 2002, 2012, 2019 ஆண்டுகளில் வெளியிட்ட அறநெறி ஆவணங்கள் வலியுறுத்துவதும் இதைத்தான்: பதிவிட்டவர் எந்தச் சூழலில், யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினார் என்று பாருங்கள்.

அட்டவணைகளை மட்டும் வெளியிட்டால் ஆபத்து இல்லையே?

ஒரு கட்டத்தில் உள்ள எண்ணிக்கை சிறியதாக இருந்தால் உண்டு. ஒரு சிற்றூரில், ஒரு வயதில், ஒரு செயலியில் வேலை செய்கிறவர் 2 பேர் என்றால் ஊருக்கே அவர்களைத் தெரியும். 5-க்குக் கீழான (தரவு அந்தரங்கமானது என்றால் 10-க்குக் கீழான) எண்ணிக்கையை மறைப்பது அல்லது பக்கத்துக் கட்டத்தோடு சேர்ப்பது வழக்கம். ஒரே ஒரு கட்டத்தை மறைத்துவிட்டு வரிசையின் கூட்டுத்தொகையை விட்டுவைத்தால் எவரும் கழித்துக் கண்டுபிடிப்பார். அதே வரிசையிலும் நெடுவரிசையிலும் இன்னொன்றையும் மறைக்க வேண்டும். தேதியை வாரமாக்குங்கள், ஊரை மாவட்டமாக்குங்கள், திறந்த கேள்விகளுக்கு எழுதிய பதில்களைப் பொதுக் கோப்பில் வைக்கவே வைக்காதீர்கள். முழுத் தரவு கேட்பவருக்கு விண்ணப்பத்தின் பேரில், ஒப்பந்தத்தோடு கொடுக்கலாம்.

ஆய்வு உண்மையிலேயே நிறுவனங்களை மாற்றிய உதாரணம் உண்டா?

உண்டு. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு 2018-இல் செய்த ‘ஜெண்டர் ஷேட்ஸ்’ ஆய்வு. மூன்று நிறுவனங்களின் முகம் பார்த்துப் பாலினம் சொல்லும் மென்பொருள்களை 1,270 படங்களில் சோதித்தார்கள். ஒட்டுமொத்தத் துல்லியம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆண், பெண், வெளிர்நிறம், கருநிறம் என்று நான்காகப் பிரித்தபோதுதான் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு நடந்த மறுபரிசோதனையில் பெயர் சொல்லப்பட்ட மூன்று நிறுவனங்களும் பிழையைக் குறைத்திருந்தன. முதல் சுற்றில் சேராத அமேசானின் மென்பொருளில் கருநிறப் பெண்களிடம் பிழை 31 சதவீதம் இருந்தது. சராசரியை உடைத்தது, பெயர் சொன்னது, முடிவை முன்கூட்டியே நிறுவனங்களிடம் கொடுத்துப் பதில் கேட்டது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்தன என்பது எங்கள் கணிப்பு. இரண்டு எண்ணை எவரும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம்.

நிறுவனங்கள் தரவுக் கதவை மூடிவிட்டன. பழைய தரவை வைத்துக் கொள்கை பேசலாமா?

பேசலாம், தேதியைச் சொல்லிவிட்டு. ட்விட்டரின் இலவச ஆய்வு அணுகல் 2023-இல் போனது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பொதுப்பதிவுகளின் பரவலை ஆய்வாளர்கள் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 40-ஆம் பிரிவில் தகுதி பெற்ற ஆய்வாளர்கள் மிகப் பெரிய தளங்களின் தரவைக் கேட்க வழி வைத்திருக்கிறது, ஆனால் அது ஒன்றியத்துக்குள் எழும் அபாயங்களை ஆராய்வதற்கு. உங்களுக்குத் தரவு மறுக்கப்பட்டிருந்தால் எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதை அறிக்கையில் பதியுங்கள். சட்டம் வகுப்பவருக்கு அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

எங்களுக்குப் பேட்டி தந்தவர்களுக்கு முடிவை எப்படிச் சொல்வது?

ஊடகத்துக்கு முன் அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கம், பேட்டி எடுத்த மொழியிலேயே. எழுத்து வராதவர்களுக்கு மூன்று நிமிடக் குரல்பதிவு. எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். ரகசியம் காப்போம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் காட்டுவதாகிவிடும். ஒளிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) பயன்படுத்துங்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதால் மற்றவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள்.

வெறுப்புப் பேச்சு பற்றிய ஆய்வு. வெளியிட்டால் இணையத்தில் தாக்குவார்களே?

தாக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பு பழைய தன்விவரக் குறிப்புகளிலும் ஆய்வேட்டிலும் கிடக்கும் வீட்டு முகவரி, கைப்பேசி எண்ணை நீக்குங்கள். எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். தொடர்புக்கு நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் மட்டும். மூத்தவர் ஒருவர் முகமாக இருக்கட்டும். வேலை நிரந்தரமில்லாத இளம் ஆய்வாளரை முன்னிறுத்தாதீர்கள். மிரட்டல் வந்தால் அழிக்கும் முன் இணைப்பு, நேரத்தோடு பதிவு செய்யுங்கள், அதையும் தாக்கப்பட்டவர் அல்லாத வேறொருவர் செய்யட்டும்.

வெளியான பிறகு ஓர் எண் தவறு என்று தெரிந்தால்?

அன்றே திருத்துங்கள். ஜெனோடோவில் புதிய பதிப்பாக ஏற்றினால் பழையதும் தேதியோடு நிற்கும். பழைய கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்தால்தான் சந்தேகம் வரும். முதல் பக்கத்தில் எது மாறியது, முடிவு அதனால் மாறுகிறதா என்று இரண்டு வரி. பிறகு குறிப்பை வாங்கிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டும். அதற்காகவே, முதல் நாளிலிருந்து யாருக்கு எந்தப் பதிப்பை அனுப்பினீர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள்.